எந்தப் பிரசிடெண்டம்மா?

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த இரண்டு கைகள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. ஊராட்சி அலுவலகத்தின் ஜன்னலோரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். மடியில் முறம், காலடியில் காம்புகள். நான் அந்த ஊராட்சிக்குச் செயலராக மாற்றலாகி வந்த முதல் நாள் அது. அறையின் நடுவில் பெரிய மேஜை, அதன் பின்னால் பூத்துவாலை விரித்த நாற்காலி, அதில் வெளுத்த சட்டையும் வேட்டியுமாக ஒரு மனிதர். யாரிடம் வணக்கம் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. மாற்றல் உத்தரவை அவர் முன்னால் பணிவாக வைத்தேன். அவர் அதை மேலிருந்து கீழாகப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் நீட்டினார். "இந்தாம்மே, கையெழுத்து போடு. புது கிளார்க்கு வந்துகீறாரு" என்றார். அந்த அம்மாள் விரலில் ஒட்டியிருந்த இலைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு, முறத்தின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நாஸ்தா ஆச்சாண்ணா?" என்று கேட்டார். ஊராட்சித் தலைவர் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரை ஊரில் எல்லோரும் 'பிரசிடெண்டம்மா' என்றார்கள். இந்தச் சொல்லில்தான் சிக்கல். நம் பேச்சில் 'அம்மா' ஒரு பொல்லாத ஒட்டு. டாக்டரம்மா என்றால் வைத்தியம் பார்க்கிறவரும் உண்டு, வைத்தியம் பார்க்கிறவரின் மனைவியும் உண்டு. இன்ஸ்பெக்டரம்மா காக்கி உடுத்தியவராகவும் இருக்கலாம், காக்கியைத் துவைத்துப் போடுகிறவராகவும் இருக்கலாம். ஆளைப் பார்த்து நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். மேஜைக்குப் பின்னால் இருந்தாரே, இவருடைய வீட்டுக்காரர், அவர் அதற்கு முன்னால் இரண்டு முறை தலைவராக இருந்தவர். அந்தக் காலம் முழுவதும் இவர் மனைவி என்ற கணக்கில் பிரசிடெண்டம்மா. கல்யாண வீடுகளில் முதல் வரிசை, சந்தனம் முதலில் இவருக்கு. பிறகு அந்த இடம் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் மனைவியை நிறுத்தினார். சுவரொட்டியில் கைகூப்பிய வேட்பாளரின் படத்தைவிட, பக்கத்தில் இருந்த அவருடைய படம் பெரிதாக இருந்ததாம். இவர் ஜெயித்தார். பதவி ஏற்ற மறுநாளும் ஊர் அதே பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டது. ரேஷன் அட்டையில் ஒரு எழுத்தைத் திருத்த மாசக்கணக்கில் அலைய வேண்டிய நாட்டில், ஒரு ஆட்சியே கைமாறியதற்கு யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்காரரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இழவு விழுந்த வீட்டுக்கு முதல் ஆளாகப் போவார். கைக்காசு போட்டுத் தெருவிளக்கு மாட்டுவார். அவருடைய ஆட்சிக் கலை முழுவதும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தது: பாக்கலாம். குழாய் வேண்டுமா, பாக்கலாம். பட்டா வேண்டுமா, பாக்கலாம். சொல்லும்போது முகத்தில் அத்தனை கனிவு இருக்கும். கேட்டவர் கிடைத்துவிட்ட மாதிரியே எழுந்து போவார். ஐந்தாறு தலைவர்களிடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இல்லை என்று சொல்லாமலே இல்லையாக்கத் தெரிந்தவர்கள்தான் இங்கே நீடித்து நிற்கிறார்கள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்த ஊராட்சியைக் கிழக்குக் கடற்கரைச் சாலை இரண்டாகப் பிரித்தது. சாலைக்கு மேற்கே நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஊர். கிழக்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டினால் மீனவர்களின் குப்பம். ஓட்டு ஊரில்தான் அதிகம், அதனால் தலைவரும் எப்போதும் ஊர்க்காரர்தான். குப்பத்துக்கு வேறொரு அரசாங்கம் இருந்தது. நாட்டார் என்று ஒரு பெரியவர். அவரை யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை, அவருக்கு நாற்காலியும் இல்லை. அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் எல்லோரும் மணலில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேசி முடிந்ததை அவர் எழுந்து சொல்வார். நாலு பேர் முகம் சுளித்தால் தோள் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான். அந்த வட்டத்தில் பெண்கள் உட்காரக் கூடாது. மீனைப் பிடிப்பது ஆண்கள் என்றாலும் அதை விற்றுக் காசாக்கி வீட்டைக் கரையேற்றுவது அந்தப் பெண்கள்தான் என்பது யாருக்கும் தெரியாததல்ல.

குப்பத்திலிருந்து சாலைக்கு வர ஒரு மணல்வழி இருந்தது. விடிந்ததும் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த வழியே ஓட்டமும் நடையுமாக வந்து, செங்கல்பட்டுக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிப்பார்கள். வழிக்கு இரண்டு பக்கத்து நிலத்தையும் வெளியூர்க்காரர்கள் வாங்கி, ஒரு சொகுசு விடுதி கட்டத் திட்டம் போட்டார்கள். நடுவில் இந்த வழி இருந்தால் வளாகம் துண்டுபடும். வழியை அடைத்துவிட்டுத் தோப்பைச் சுற்றி வேறு பாதை தருகிறோம், ஊர்ப் பையன்களுக்குத் தோட்ட வேலையும் காவல் வேலையும் தருகிறோம் என்றார்கள். ஊர்ப் பையன்கள் அப்போது சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு போய்வந்தார்கள். வாசலிலேயே வேலை என்றால் எந்தப் பெற்றவள் வேண்டாம் என்பாள்? வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக 'பாக்கலாம்' சொல்லாமல் 'சரி' என்றுவிட்டார். ஊராட்சித் தீர்மானம் ஒன்றுதான் பாக்கி.

இந்த விஷயம் பிரசிடெண்டம்மாவுக்கு வந்து சேர்ந்தது மீன்காரம்மா வழியாக. இவர் வீட்டுக்கு வருஷக்கணக்காக மீன் கொடுக்கிறவர். ஒருநாள் வெறுங்கூடையோடு அலுவலகத்துக்குள்ளேயே வந்துவிட்டார். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். கூடையை வாசல்படியில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். தோப்பைச் சுற்றி வந்தால் பஸ் போய்விடும், அடுத்த பஸ்ஸில் போனால் மீன் சொன்ன விலைக்குப் போகாது, கழிவு விலைக்குத்தான் போகும். "உன் வூட்டுக்காருகிட்ட சொல்லும்மா" என்று முடித்தார். பிரசிடெண்டம்மா, "ஏன், எங்கிட்ட சொல்ல மாட்டியா?" என்று கேட்டார். மீன்காரம்மா சிரித்துவிட்டார். "உங்கிட்ட தானேம்மா சொல்லிகினு கீறேன், அவுருகிட்ட சொல்றதுக்கு" என்றார். அதில் ஒரு துளி கேலி கிடையாது. ஒரு வீட்டில் எதைச் சாதிக்க வேண்டுமானாலும் மனைவியைப் பிடி என்கிற உலக வழக்கம்தான் அது. கூடையை எடுத்துக்கொண்டு அவர் போன பிறகு பிரசிடெண்டம்மா என் பக்கம் திரும்பி, "அண்ணா, இவங்க கூப்புட்றாங்களே, நா இதுல எந்த பிரசிடெண்டம்மா?" என்று கேட்டார். ஊராட்சிச் சட்டம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் 'அம்மா' என்ற சொல்லே எங்கும் வராது.

அடுத்த நாள் காலையில் அவர் அலுவலகத்துக்கு வரும்போது வெயில் ஏறியிருந்தது. முகம் சிவந்து, புடவைக் கரையெல்லாம் மணல். மீன்காரப் பெண்களோடு தோப்பைச் சுற்றிக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறார். மணலில் செருப்பு புதைகிறது என்று அதைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததில் உள்ளங்கால் முழுக்க நெருஞ்சிமுள். மேஜைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்காரர் அவர் நொண்டி வருவதைப் பார்த்தார். எங்கே போய் வந்தாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்துக் கடையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, மனைவியின் பாதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்து, ஒவ்வொரு முள்ளாக எடுத்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் ஏற்றி இறக்கிக்கொண்டு, எண்ணெய் தடவித் தடவி எடுத்தார். நான் ஏதோ கோப்பைத் தேடுகிற பாவனையில் பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன். "வாக்கு குடுத்துட்டேன்மே" என்று அவர் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. "நீ தான குடுத்த" என்றார் அந்த அம்மாள். அவர்கள் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கலக்கமாக இருந்திருக்காது. ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருக்கிற இரண்டு பேருக்கு நடுவில் அந்த வழி வந்து படுத்துக்கொண்டது.

இந்த நிலையில் மாசி மகம் வந்தது. அன்று ஊர்ச் சாமி டிராக்டரில் ஏறிக் கடலாட வரும். குப்பத்தின் எல்லையில் நாட்டார் தேங்காய் உடைத்து வரவேற்று, ஊர்த் தலைவரின் தலையில் பரிவட்டம் கட்டுவார். பிறகு எல்லோரும் கடலில் கால் நனைய நின்றுகொண்டு, குப்பத்தார் அந்த வருஷத்துக்கு ஒரே ஒரு கோரிக்கையைத் தலைவரிடம் கேட்பார்கள். தலையில் துணியும் காலில் உப்புத் தண்ணீரும் இருக்கும்போது சொன்ன வார்த்தையை மாற்றக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம் அது. எழுதி வைத்தவற்றை மீறுகிறவர்கள்கூட அதை மீறியதில்லை. முதல் வருஷம், அதாவது பிரசிடெண்டம்மா பதவிக்கு வந்த வருஷம், பரிவட்டத்தை வீட்டுக்காரர்தான் கட்டிக்கொண்டார். அதை யாரும் கேள்வி கேட்கவில்லை. பெண் தலையில் பரிவட்டம் கட்டி அந்தக் கரையில் எவரும் பார்த்ததில்லை. அன்று கேட்ட கோரிக்கைக்கு அவர் 'பாக்கலாம்' என்றார். அது வாக்கும் இல்லை, மறுப்பும் இல்லை, அதனால் சாமிக்குத்தம் எதுவும் வரவில்லை.

இந்த வருஷமும் அதே கூட்டம், அதே மேளம். "பிரசிடெண்டு முன்ன வரலாம்" என்று குப்பத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் முன்னால் வந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தார். நாட்டார் துணியை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றார். கட்டவில்லை. மேளக்காரர்கள் தயங்கித் தயங்கி நிறுத்தினார்கள்.

"போன தபா உன் தலைக்கு தான் கட்னோம் அண்ணாத்த. பாக்கலாம்னு சொன்ன. பாத்துகினே கீற" என்றார் நாட்டார். "இந்த தபா கையெழுத்து போட்ற தலைக்கு கட்லாம்னு குப்பத்துல பேசிகினோம்."

பெண்ணை உட்கார விடாத வட்டத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது. அவர்களுக்கு ஒன்றும் திடீரென்று பெண்ணுரிமை பொங்கிவிடவில்லை. 'சரி' சொல்லிவிட்ட தலை எது, இன்னும் சொல்லாத தலை எது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் பக்கம் சலசலப்பு எழுந்தது. "பொம்பள தலைல பரிவட்டமா? இன்னா நைனா, புதுசா கீது?" என்று ஒருவர் சத்தமாகவே கேட்டார். வீட்டுக்காரர் இன்னும் குனிந்தபடியே நின்றார். நிமிர்ந்தால் அவமானம், குனிந்தே இருந்தாலும் அவமானம். அவருடைய பிடரியில் வேர்வை வழிவது எனக்குத் தெரிந்தது. தாம்பாளத்தோடு பெண்கள் நடுவில் நின்ற பிரசிடெண்டம்மாவும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போய்த் தலையைக் கொடுத்தால், முள் எடுத்துவிட்ட மனிதருக்கு ஊரே பார்க்கத் தலைகுனிவு. கொடுக்காவிட்டால் அந்தப் பெண்களின் வழி அன்றோடு போயிற்று.

அவர் தாம்பாளத்தைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு முன்னால் வந்தார். வீட்டுக்காரருக்குப் பக்கத்தில், தோள் உரசுகிற தூரத்தில் நின்றார். "நாட்டாரே, துணிய அவுரு தலையிலயே கட்டுங்க. அது எங்க ஊருக்கு நீங்க குடுக்கற மரியாத, அவுருகிட்டயே இர்க்கட்டும்" என்றார். "வார்த்தைய மட்டும் எங்கிட்ட கேளுங்க." சொல்லிவிட்டு யாருடைய பதிலுக்கும் காத்திராமல் கடலுக்குள் இறங்கி, கணுக்கால் மறையும் தண்ணீரில் நின்றார்.

நாட்டார் தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்காரரின் தலையில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கட்டிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பி, "யம்மா, எங்க பொம்பளைங்க மீன் எத்துகினு போற வழி எங்களுக்கு வோணும்" என்றார். பிரசிடெண்டம்மா, "வழி கீது. நா அடைக்க வுட மாட்டேன்" என்றார். ஒரு அலை வந்து அவர் புடவையை முழங்கால்வரை நனைத்துவிட்டுப் போனது. நாட்டின் தலைவர் குடியரசுத் தலைவர், அரசாங்கத்தின் தலைவர் பிரதமர் என்று பள்ளிக்கூடத்தில் குடிமையியல் பாடத்தில் உருப்போட்டிருக்கிறேன். பாடம் ஒப்பித்தவனுக்கு அதன் அர்த்தம் தலை நரைத்த பிறகு அந்தக் கரையில்தான் விளங்கியது.

அப்போது எனக்குப் பயமெல்லாம் வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துத்தான். பின்னாலிருந்து ஊர்க்காரர்கள் அவரைப் பிடித்து உலுக்காத குறை. பையன்களின் வேலை என்னாவது, நீ சொன்ன வார்த்தை என்னாவது என்று கேட்டார்கள். அவர் தலையிலிருந்த துணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நா இன்னா பண்றது? அதான் பிரசிடெண்டு சொல்ட்டாங்களே" என்றார். 'அம்மா'வை விட்டுவிட்டு, வெறும் 'பிரசிடெண்டு'. அதைச் சொல்லும்போது அந்த முகத்தில் கோபம் இல்லை. வெகுநாளாகத் தூக்கிக்கொண்டு திரிந்த மூட்டையை இறக்கி வைத்தவரின் முகமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்திலிருந்தவரிடம் உப்புக்காற்று என்று சொல்லிச் சமாளித்தேன்.

மறுநாளே உலகம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே புங்கமரத்தடியில் உட்கார ஆரம்பித்தார். காற்று வருகிறது என்றார். ஜன்னல் பக்கம் வெயில் அடிக்கிறது என்று அந்த அம்மாள் மேஜைக்கு மாறினார். இருவருமே இடத்தைக் குறை சொல்லித்தான் இடம் மாறினார்கள். வழியை விடுவதற்கில்லை என்று தீர்மானம் போட்டோம். விடுதிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே வழிக்கு இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிக் கட்டடம் கட்டினார்கள். வேலைக்குச் சொன்னதில் பாதிப் பேரைக்கூட எடுக்கவில்லை. மற்ற பையன்கள் பழையபடி கம்பெனி பஸ் ஏறினார்கள். அவர்களைப் பெற்றவர்கள் அலுவலகத்துக்கே வந்து முகத்துக்கு நேரே கேட்டார்கள். பிரசிடெண்டம்மா ஒருவரிடமும் 'பாக்கலாம்' என்று சொல்லவில்லை. "கேட்டேன் கண்ணு, குடுக்க மாட்டன்ட்டாங்க" என்று உள்ளதைச் சொன்னார். உள்ளதைச் சொன்னதற்கு என்ன கிடைக்குமோ அதுதான் கிடைத்தது. அடுத்த தேர்தலில் பெண்கள் ஒதுக்கீடு நீங்கி இடம் பொதுவானது. ஊர் கூடி வேறொருவரை நிறுத்தியது. பழைய தலைவரான வீட்டுக்காரரை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. ஜெயித்தவரின் மனைவி புதுப் பிரசிடெண்டம்மா ஆனார். இவரைப் பழைய பிரசிடெண்டம்மா என்றார்கள். அதிலும் எந்தப் பழையது என்று தெரியாது.

நான் ஓய்வு பெற்று ஊரப்பாக்கத்தில் மகனோடு இருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சங்கத் தேர்தல் நடக்கிறது. தண்ணீர் மோட்டார் சாவி யாரிடம் இருப்பது என்பதற்கு வாட்ஸப்பில் பெரிய பெரிய படித்தவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையைப் படித்துச் சலித்துப்போய்த்தான் போன மாதம் ஒருநாள் பஸ் ஏறினேன். கடற்கரைச் சாலையில் இறங்கியதும் முதலில் அந்த வழியைத்தான் போய்ப் பார்த்தேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு சந்து மாதிரி இருந்தது. சுவருக்கு மேலே காகிதப்பூ தொங்க, கீழே மணலில் மீன்செதில்கள் மின்னின. பிறகு சாலையைத் தாண்டி ஊருக்குள் அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்காரர் வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து ரேடியோப் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் குப்பத்துப் பெண் ஒருத்தி, சின்ன வயதுக்காரி, இடுப்பில் குழந்தையோடு படலைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். "பிரசிடெண்டு கீறாங்களா?" என்று கேட்டாள். இப்போதைய தலைவரின் வீடு அடுத்த தெரு. புதிதாகக் குப்பத்துக்கு வாழ வந்தவள் போல, வழி மாறி வந்துவிட்டாள் என்று நினைத்து, சொல்ல வாயெடுத்தேன். ஒரு காலத்தில் அந்தச் சொல் காதில் விழுந்தால் தன்னையறியாமல் ஓரடி முன்னே வைக்கிற மனிதர் பிரித்த பெட்டியிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. "கொல்லயில கீறாங்க. இரு, கூப்புட்றேன்" என்றார். உள்பக்கம் திரும்பி, "இன்னாம்மே, உன்ன பாக்க குப்பத்துலேந்து வந்துகீறாங்க" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மாள் தலைமுடி முழுக்க வெளுத்து, மெல்ல நடந்து வந்தார். என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார். கொஞ்சம் இருங்கண்ணா என்று கையால் காட்டிவிட்டு, அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லி, "சொல்லு கண்ணு" என்றார். அவள் குழந்தையை இறக்கி விட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அவருடைய பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று சட்டப்படி எடுத்துச் சொல்ல வேண்டியவன் அங்கே நான் ஒருவன்தான். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் முறை வரட்டும் என்று காத்திருந்தேன்.